நேற்றைய ரொட்டி

அறுபது தாண்டியவர்களுக்கு அனுமதி இலவசம் என்றாள்
சீட்டுக் கொடுக்கும் பெண்,
நான் வயதைச் சொல்வதற்கு முன்பே.
கோட்டை வாங்கிக்கொண்ட பையன்
முப்பத்தேழு என்று பொறித்த வில்லையைத் தந்தான்.

ஓர்போக் வெண்டெல்.
கரிச் சித்திரங்கள், 1969 – 1983.
செகெட்டில் இந்தப் பெயரை
இத்தனை பெரிய எழுத்தில் யாரும் எழுதியதில்லை.

எனக்கு ஓவியம் தெரியாது, ஆளைத் தெரியும்.
ஆளைத் தெரியும் என்பதுகூட அதிகம்.
கடை மேடைமேல் சில்லறை வைக்கும்
அந்தக் கறுத்த விரல்களைத் தெரியும்,
காசை நான் எடுத்தபின் என் விரலில் ஒட்டும் கரியைத் தெரியும்.

எதிர்மாடியில் குடியிருந்தார்.
செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு வருவார்.
வரிசையில் எல்லோரும் கை சுடுகிற ரொட்டி கேட்க
இவர் மட்டும்,
"நேற்றையது இருக்கிறதா?"

எப்போதும் இருந்தது, பாதி விலைக்கு.
வெள்ளை ரொட்டியாக இருக்கவேண்டும்,
பால் கலந்தது கூடாது, வெண்ணெய் தொட்டது கூடாது.
இல்லாதவனுக்கு இத்தனை நிபந்தனையா என்பாள்
முதலாளியம்மா மால்வின், அவர் கதவைச் சாத்துவதற்குள்.

எனக்குப் பத்தொன்பது வயது.
ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் பார்க்காதபோது,
சுடச்சுட ஒன்றைக் காகிதத்தில் சுற்றி
அவர் பையில் தள்ளினேன்.
மாலையே திருப்பிக் கொண்டுவந்தார்.
"இது உதவாது. ஈரமாக இருக்கிறது."

பசிக்கு ஈரம் என்ன, காய்ந்தது என்ன?
அதன்பின் ஒரு வருடம்
அவர் முகம் பார்க்காமல்தான் எடுத்துக்கொடுத்தேன்.

பதினேழாவது சித்திரத்தில் ஒரு மேசை,
மேசையில் விளக்கு, அருகே நாற்காலி.
நாற்காலியில் யாருமில்லை.
யாருமில்லை என்று சொல்லவும் முடியவில்லை.
தோள் அகலத்தில் ஒரு வெளுப்பு
சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு:
உருவம் மூன்று முறை வரையப்பட்டு
மூன்று முறையும்
ரொட்டியின் உட்சதையால் அழிக்கப்பட்டது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்
போட்டுக்கொண்டு
இன்னொரு முறை படித்தேன்.

யார் அது? குறிப்பில் இல்லை.
மனைவி என்று ஒருத்தி இருந்ததாக நினைவில்லை.
மாதமொரு முறை மாடியேறும் சாம்பல் தொப்பிக்காரன் ஒருவன் இருந்தான்,
அவனை நாங்கள் யாரும் பார்த்ததேயில்லை,
கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

பிறகு அது ஞாபகம் வந்தது.
கடை வாசலில் சனிக்கிழமைகளில்
மாடியிலிருந்து விழுந்து கிடக்கும் கறுத்த உருண்டைகள்.
குருவிகள் கொத்திப் பார்த்துவிட்டு
தலையைச் சிலுப்பிக்கொண்டு நகர்ந்துவிடும்.
கணப்புச் சாம்பல் என்று நினைத்து
நான்தான் பெருக்கித் தள்ளினேன்.
விளக்குமாற்றின் இரண்டு இழுப்பு,
ஒரு முகம் சாக்கடையில்.

குனிந்துவிட்டேன் போலிருக்கிறது,
ஏதோ கீச்சென்று கத்தியது.
"பின்னால் நில்லுங்கள், அம்மா."
காவலரின் சட்டையில் ஹொர்காய் என்று பெயர்.
நாற்காலிக் கால் அருகே காட்டினேன்,
சட்டத்துக்குள், தாளின் சொரசொரப்பில்
கடுகு அளவுக்கு ஒரு துணுக்கு.

"தூசு" என்றார்.
"தூசு இல்லை. எங்கள் கடையுடையது."
சிரிக்கவில்லை அவர்.
மூக்கைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்,
அவருக்கும் அது கத்தியது.

எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருந்தால் நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்திருப்பேன்.
யாரை என்றும் கேட்டிருப்பேன்.
அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

வில்லையைக் கொடுத்துக் கோட்டை வாங்கினேன்.
வெளியே தீசா நதிமேல் மூடுபனி,
பாலம் பாதிவரைக்கும்தான் இருந்தது.
பேருந்து அதற்குமேலும் போனது.
நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.